ஸ்கோர் ஷீட் எழுதும் தம்பி என்ன படிக்கலாம்?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அப்பா இல்லை. அம்மாவும் தம்பியும் காங்கேயம் பக்கம் கிராமத்தில் இருக்கிறார்கள். தம்பி அரசுப் பள்ளியில் பிளஸ் டூ வணிகவியல் முடித்திருக்கிறான். பள்ளிக் கபடி அணியில் மாவட்டப் போட்டி வரை ஆடியவன். போன வருடம் முழங்காலில் ஜவ்வு கிழிந்ததிலிருந்து ஆடுவதில்லை. ஆனாலும் அணி எங்கே போனாலும் கூடவே போகிறான். ஸ்கோர் ஷீட் எழுதுகிறான், வேன் வாடகை பேசுகிறான், பனியன்களை எண்ணி வாங்கி வைக்கிறான். ஆண்டு விழா நாடகத்தில் சின்ன வேஷம். மற்றவர்களுக்கு வசனம் எடுத்துக் கொடுத்ததுதான் அதிகம். இப்போது விளையாட்டு மேலாண்மை, இல்லாவிட்டால் நாடகம் படிக்கிறேன் என்கிறான். சென்னையில் ஒரு தனியார் நிறுவனம் விளையாட்டு மேலாண்மைக்கு மூன்று வருடத்துக்கு ஆறு லட்சம் கேட்கிறது. நூறு சதவீதம் வேலை உறுதியாம். மாமாவோ, "ஆட்டமும் கூத்தும் சோறு போடுமா? பி.காம். சேர்த்துவிடு" என்கிறார். என் நகையை வைத்தால் பணம் கட்டிவிடலாம். என்ன செய்யட்டும்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

அன்புத் தங்கைக்கு,

நகையை வைக்க வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால், தம்பி கேட்கும் இரண்டு துறைகளுக்கும் நம் பக்கத்தில் உள்ள நல்ல கதவுகள் பெரும்பாலும் ஒரு பட்டம் வாங்கிய பிறகுதான் திறக்கின்றன. பிளஸ் டூ முடித்த கையோடு ஆறு லட்சம் கொட்டி ஓட வேண்டிய அவசரம் இதில் இல்லை.

அப்புறம் இன்னொன்று. உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியை நான் நாலைந்து தடவை படித்தேன். ஆட முடியாத பையன் அணியை விட்டு ஒதுங்கவில்லை. ஸ்கோர் ஷீட் எழுதுகிறான், வேன் பேசுகிறான், பனியன் எண்ணுகிறான். நாடகத்திலும் முன்னால் நின்று நடித்ததைவிட, பக்கத்தில் நின்று வசனம் எடுத்துக் கொடுத்ததுதான் அதிகம். இரண்டு இடத்திலும் அவன் ஒரே வேலையைத்தான் செய்திருக்கிறான். விளையாட்டா நாடகமா என்று அவனுக்கு முடிவு செய்யத் தெரியவில்லை என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பத்துப் பேர் கூடி ஒரு காரியம் செய்யும்போது, அது சொன்ன நேரத்துக்குச் சொன்னபடி நடக்கப் பின்னால் நிற்கிற ஆள் அவன். அந்த ஆளுக்கு இரண்டு துறையிலுமே இடம் இருக்கிறது.

நான் பதினோரு வருடம் போட்டிகளை நடத்தும் வேலையில் இருந்தவன். அதை விட்டு வந்த பிறகு மாணவர்களுக்குப் படிப்பு ஆலோசனை சொல்கிறேன். விளையாட்டு மேலாண்மை என்ற பெயரைக் கேட்டதும் வீரர்களோடு கைகுலுக்குவது, ஏலத்தில் உட்காருவது, கோட்டு சூட்டோடு மைதானத்தில் நடப்பது என்று பையன்கள் நினைத்துக்கொள்கிறார்கள். நான் பார்த்த வேலையைச் சொல்கிறேன். ஒரு உள்ளரங்கில் கபடிப் போட்டி, தொலைக்காட்சியில் நேரலை. ஆட்டம் தொடங்க இருபத்தைந்து நிமிடம் இருக்கும்போது, ஆட்டத்துக்கு விரித்த மேட் விரிப்பில் இரண்டு துண்டுகள் சேரும் இடம் லேசாகத் தூக்கியிருப்பதைத் தண்ணீர் பாட்டில் எடுத்துவைக்க வந்த ஒரு பெண் பார்த்துவிட்டாள். பயிற்சிக்கு வந்தவள், வேலைக்குச் சேர்ந்து நாலாவது நாள். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு மண்டியிட்டு, உள்ளங்கையால் அந்த இணைப்பு முழுவதையும் தடவிக்கொண்டே போய், போனஸ் கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு இடமும் தூக்கியிருப்பதைக் கண்டுபிடித்தாள். நடுவரிடம் சொல்லி, ஆட்களைக் கூப்பிட்டு, இரண்டையும் பிரித்துத் திரும்பப் பொருத்தி முடிக்கப் பதினெட்டு நிமிடம் ஆனது. பாடி வருகிற ஒருவனின் கால் அந்த இடுக்கில் மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பார்வையாளர்களில் ஒருவருக்கும் இது தெரியாது. துறை என்பது இதுதான். யார் எந்த வாசல் வழியாக உள்ளே வரலாம் என்று அடையாள அட்டை கொடுப்பது, டிக்கெட், அணிகளுக்குத் தங்குமிடம், சாப்பாடு, பேருந்து, விளம்பரதாரருக்கு ஒப்பந்தத்தில் சொன்ன இடத்தில் பலகை இருக்கிறதா என்று பார்ப்பது, ஆம்புலன்ஸ், ஊக்கமருந்துப் பரிசோதனைக்குத் தனி அறை, கடைசியில் கணக்கை முடிப்பது.

இந்த வேலைக்குத் தமிழ்நாட்டில் தேவை கூடியிருப்பது உண்மைதான். 2022-இல் மாமல்லபுரத்தில் நடந்த 44-ஆவது செஸ் ஒலிம்பியாடை எடுத்துக்கொள்ளுங்கள். ரஷ்யாவில் நடக்க வேண்டியது, உக்ரைன் போர் தொடங்கியதும் கைமாறி இங்கே வந்தது. அறிவிப்பு வந்தது மார்ச் மாதம், தொடக்க விழா ஜூலை 28. நான்கு மாதச் சொச்சத்தில் 180-க்கும் மேற்பட்ட நாடுகளின் அணிகளை வரவேற்று, தங்கவைத்து, இரண்டு வாரம் ஆட்டம் நடத்த வேண்டும். காயை நகர்த்தத் தெரிந்தவர்கள் மட்டும் இருந்தால் அது நடந்திருக்காது. அடுத்த வருடம் எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கில் ஆசிய சாம்பியன்ஸ் டிராபி ஹாக்கி, 2024 ஜனவரியில் சென்னை, மதுரை, திருச்சி, கோவை ஆகிய நான்கு ஊர்களில் கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகள். ஆண்டுதோறும் டி.என்.பி.எல். கிரிக்கெட் தொடர் நடக்கிறது. கபடியில் 2014-இல் எட்டு அணிகளோடு தொடங்கிய புரோ கபடியில் இப்போது பன்னிரண்டு அணிகள். அதில் நம் தமிழ்நாட்டு அணியான தமிழ் தலைவாஸ் 2017-இல் வந்தது.

ஆனால் இதில் ஒரு கஷ்டம் இருக்கிறது, அதை மறைத்து உங்களிடம் பேச எனக்கு மனம் வரவில்லை. இவை எல்லாம் சீசன் வேலை. ஒரு தொடர் ஒன்றிரண்டு மாதம் ஓடும். அந்த நாட்களில் தூக்கம் இருக்காது. முடிந்ததும் அடுத்த அழைப்புக்குக் காத்திருக்க வேண்டும். முதல் இரண்டு மூன்று வருடம் ஒப்பந்த வேலைதான் கிடைக்கும். நீங்கள் பனியன் கம்பெனியில் சேர்ந்தபோது வாங்கிய சம்பளத்தைவிட அது பெரிதாக இருக்காது. வருடம் முழுக்க வேலை கொடுப்பவை குறைவு: பெரிய அணிகளின் நிரந்தர அலுவலகம், விளையாட்டு அரங்கங்கள், தனியார் அகாடமிகள், விளையாட்டுப் பொருள் நிறுவனங்கள். அங்கே இடம் பிடிப்பவர்களுக்குக் கணக்கு தெரிந்திருக்கிறது, ஜி.எஸ்.டி. தெரிந்திருக்கிறது, ஒப்பந்தத்தைப் படிக்கத் தெரிந்திருக்கிறது. "நூறு சதவீதம் வேலை" என்று ஒரு நிறுவனம் சொன்னால், எந்த வேலை, எத்தனை மாதத்துக்கு என்று கேளுங்கள்.

கேட்பதோடு இன்னும் இரண்டு விஷயங்களை நீங்களே சரிபார்க்கலாம். பட்டச் சான்றிதழில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கும் என்று எழுத்தில் வாங்குங்கள். வகுப்பு ஓரிடத்தில், பட்டம் வேறு மாநிலப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்வியில் என்று இருந்தால், அதற்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) அனுமதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். படிப்பு பி.பி.ஏ. என்றால், 2024-25 கல்வியாண்டிலிருந்து அதை நடத்தும் கல்லூரிகள் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏ.ஐ.சி.டி.இ.) அனுமதி பெற வேண்டும் என்று விதி வந்திருக்கிறது, அதையும் கேளுங்கள். பிறகு, முந்தைய வருடம் முடித்த மாணவர்கள் இரண்டு பேரின் தொலைபேசி எண்ணைக் கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம்.

சரி, நாடகத்துக்கு வருகிறேன். மாமா கேட்டாரே, கூத்து சோறு போடுமா என்று, அந்தக் கேள்வியில் வன்மம் இல்லை. உங்கள் மீது அக்கறைதான் இருக்கிறது. நேராகவே பதில் சொல்கிறேன். மேடை நாடகம் மட்டும் என்றால், மிகச் சிலருக்குத்தான் போடுகிறது. நாடகம் படித்தவர்கள் அதோடு இன்னொன்றைச் சேர்த்துக்கொள்கிறார்கள். பள்ளிகளில் நாடக ஆசிரியராக இருக்கிறார்கள், நடிப்புப் பயிற்சி கொடுக்கிறார்கள், மேடை விளக்கு அமைக்கிறார்கள், திரைப்படத்துக்குப் போகிறார்கள். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நாடகம் படித்த வேலு சரவணன் குழந்தைகளுக்கான நாடகத்தையே தன் வாழ்க்கையாக ஆக்கிக்கொண்டார்.

அந்தப் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளிக்குத் தமிழ் நாடக முன்னோடி சங்கரதாஸ் சுவாமிகளின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். சுவாமிகள் 1918-இல் மதுரையில் சிறுவர்களை வைத்து ஒரு பால சபையைத் தொடங்கினார். அந்தக் காலத்து பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்த பையன் பாட்டும் வசனமும் மட்டும் படிக்கவில்லை. ஊர் ஊராகப் போகும்போது திரையை மடிப்பதிலிருந்து எல்லாம் அவனுக்குப் பாடம்தான். நாடகம் எப்போதும் அப்படித்தான் கற்கப்பட்டிருக்கிறது, கூடவே இருந்து. இன்றைக்கும் நல்ல நாடகத் துறைகள் அதைத்தான் செய்கின்றன.

புதுச்சேரியில் இருப்பது முதுநிலைப் படிப்பு. மத்தியப் பல்கலைக்கழகம் என்பதால் பொது நுழைவுத் தேர்வு வழியாகச் சேர்க்கை. அந்தத் துறையை வளர்த்தவர்களில் எழுத்தாளர் இந்திரா பார்த்தசாரதி முக்கியமானவர். தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் நாடகத்துக்கென்று தனித் துறை இருக்கிறது, சே. இராமானுஜம், மு. இராமசாமி போன்ற நாடக இயக்குநர்கள் பணியாற்றிய இடம் அது. டெல்லியில் 1959-இல் தொடங்கிய தேசிய நாடகப் பள்ளியின் மூன்று வருடப் பட்டயத்துக்கும் முதலில் ஒரு பட்டம் வேண்டும். அதோடு, குறைந்தது ஆறு நாடகங்களிலாவது பங்கெடுத்திருக்க வேண்டும் என்று கேட்பார்கள். தேர்வானவர்களுக்கு மாதந்தோறும் உதவித்தொகை உண்டு. பிளஸ் டூ முடித்த உடனேயே என்றால், பக்கத்தில் திருச்சூரில் கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளி இருக்கிறது. 1977-இல் ஜி. சங்கரப் பிள்ளை தொடங்கிய அருமையான இடம். ஆனால் அங்கே நாடகம் மலையாளத்தில் மூச்சு விடுகிறது. தம்பிக்கு அந்த மொழி பிடிபட ஒரு வருடம் ஆகலாம். நம் பள்ளிகளில் நாடகத்தை ஒரு பாடமாக வைக்காததும் இன்னொரு சிரமம். இலங்கையில் உயர்தர வகுப்பு மாணவர்கள் "நாடகமும் அரங்கியலும்" என்று ஒரு பாடத்தையே எடுத்துப் படித்துத் தேர்வு எழுதுகிறார்கள். இங்கே ஆண்டு விழாவுக்கு முந்தைய பதினைந்து நாள்தான் நம் பிள்ளைகளுக்கு நாடக வகுப்பு.

விளையாட்டுப் பக்கமும் இப்படித்தான். சென்னையை அடுத்த மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே விளையாட்டு மேலாண்மையில் எம்.பி.ஏ. உண்டு, பட்டம் பெற்றவர்களுக்கான படிப்பு. அரசுப் பல்கலைக்கழகம் என்பதால் உங்களிடம் கேட்கும் ஆறு லட்சத்தோடு ஒப்பிடும்போது கட்டணம் சுமையாக இருக்காது. ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். பள்ளியில் பி.இ.டி. ஆசிரியராக வேண்டும் என்றால் விளையாட்டு மேலாண்மை உதவாது. பட்டத்துக்குப் பிறகு இரண்டு வருடம் பி.பி.எட். என்ற உடற்கல்விப் படிப்பு படிக்க வேண்டும். பயிற்சியாளராக வேண்டும் என்றால் பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பட்டயத்துக்குத்தான் மதிப்பு. மூன்றும் மூன்று வழி. தம்பியின் மனதில் இவை ஒன்றாகக் கலந்து கிடக்கின்றனவா என்று ஒருமுறை பேசிப் பாருங்கள்.

ஆக, மாமா சொன்ன பி.காம். சரியான யோசனைதான். ஆனால் ஆட்டத்தையும் கூத்தையும் மறக்கடிக்க அல்ல, அவற்றுக்குள் போவதற்காக. நடிகர் விஜய் சேதுபதி பி.காம். படித்தவர், சென்னையில் உள்ள கூத்துப்பட்டறை நாடகக் குழுவுக்குள் அவர் நுழைந்தது கணக்காளராக. நடிகராகிவிடலாம் என்று ஆசை காட்ட இதைச் சொல்லவில்லை. ந. முத்துசாமி 1977-இல் தொடங்கி வளர்த்த அப்படியொரு நாடகக் குழுவுக்கும் கணக்கு எழுத ஒருவர் வேண்டியிருந்தது, பாருங்கள். வரவு செலவு தெரிந்த, ஒத்திகை நேரமும் தெரிந்த ஆள் கிடைப்பது எல்லாக் குழுக்களுக்கும் அரிது.

திருப்பூரிலேயே சிக்கண்ணா அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. அரசுக் கல்லூரிகளுக்கு ஒரே இணைய விண்ணப்பம்தான். கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்குச் சிறப்புப் பிரிவு முதலில் நடக்கும். மாவட்டப் போட்டிச் சான்றிதழ்களை இப்போதே எடுத்து ஒரு கோப்பில் வையுங்கள், அதில் சேருமா என்று கல்லூரி உதவி மையத்தில் காட்டிக் கேளுங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவன் என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவன் கணக்குக்கு வரும். பஸ் செலவுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் உங்களிடம் கை நீட்டாமல் இருப்பது அவனுக்கும் தெம்பாக இருக்கும்.

அந்த மூன்று வருடத்தை எப்படிக் கழிக்கிறான் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பி.காம். சேர்ந்து வகுப்பு, வீடு என்று மட்டும் இருந்தால் மாமா ஜெயித்தார், தம்பி தோற்றான் என்று ஆகிவிடும். முதலமைச்சர் கோப்பைப் போட்டிகள் மாவட்ட அளவில் நடக்கும்போது, மாவட்ட விளையாட்டு அலுவலகத்துக்குப் போய் ஸ்கோர் எழுத, மேசை வேலை பார்க்கக் கை கொடுக்கட்டும். கபடி நடுவர் தேர்வுக்குப் படிக்கட்டும். முப்பது விநாடி ரைடு, இரண்டு ரைடு புள்ளியில்லாமல் போனால் மூன்றாவதில் கட்டாயப் புள்ளி, எதிரணி முழுவதும் அவுட்டானால் லோனா, அதற்கு இரண்டு புள்ளி என்று அவனுக்கு விதிகள் ஏற்கெனவே கையில் இருக்கின்றன. ஆட முடியாதவனும் ஆட்டத்துக்குள்ளேயே இருக்க அது நல்ல வழி. உங்கள் பக்கம் இப்போது வள்ளி கும்மி ஆட்டத்தின் அரங்கேற்றம் நடக்காத வாரம் இல்லை. நூறு இருநூறு பேரை ஒரே நிறத்தில் உடுத்தவைத்து, ஒரே அடியில் மூன்று மணி நேரம் ஆடவைக்கிறாரே ஆசிரியர், அவர் பக்கத்தில் நின்று ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். மைக் எங்கே, தண்ணீர் எங்கே, குழந்தைகளை எந்த வரிசையில் நிறுத்துகிறார், களைத்தவரை எப்படி வெளியே எடுக்கிறார் என்று கவனித்தால் அது மேடை நிர்வாகத்தில் முழுப் பாடம். விடுமுறையில் சென்னையிலோ புதுச்சேரியிலோ ஒரு நாடகக் குழுவின் பட்டறைக்குப் போய் வரட்டும். தேசிய நாடகப் பள்ளி கேட்கும் ஆறு நாடகங்களில் ஒன்றிரண்டு இப்படித்தான் சேரும்.

அவன் மூன்றாம் ஆண்டுக்கு வரும்போது எந்தப் பக்கம் போக வேண்டும் என்று அவனுக்கே தெரிந்திருக்கும். மேலக்கோட்டையூரா, புதுச்சேரியா என்பதை அப்போது முடிவு செய்தால் போதும். இரண்டும் வேண்டாம், கணக்கே பிடித்திருக்கிறது என்று சொன்னாலும் கையில் பட்டம் இருக்கும், நகை உங்கள் கழுத்தில் இருக்கும்.

கடைசியாக ஒன்று, இதைத் தயங்கித்தான் எழுதுகிறேன். அந்த முழங்காலை எலும்பு மருத்துவர் ஒருவரிடம் முறையாகக் காட்டினீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. கட்டுப் போட்டு ஓய்வெடுத்தால் சரியாகிவிடும் என்று விட்டுவிடுகிற காயம் இல்லை அது. அறுவை சிகிச்சையும் நல்ல இயன்முறைப் பயிற்சியும் கிடைத்துத் திரும்பவும் ஆடியவர்களை நான் பார்த்திருக்கிறேன்; திரும்ப முடியாதவர்களையும் பார்த்திருக்கிறேன். எது என்று மருத்துவர் வாயால் அவன் கேட்க வேண்டும். பதினேழு வயதில் ஆட்டம் போய்விட்டது என்ற துக்கத்தில், ஆட்டத்துக்குப் பக்கத்திலாவது இருக்கலாம் என்று மேலாண்மை கேட்கிறானா, அல்லது பக்கத்தில் நிற்கும் வேலையே அவனுக்குப் பிடித்திருக்கிறதா என்பது அதற்குப் பிறகுதான் அவனுக்கே விளங்கும்.

மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்ததும், வருகிற கோயில் நோம்பிக்கு ஊரில் நடக்கும் கபடிப் போட்டியை முதலிலிருந்து கடைசி வரை அவன் பொறுப்பில் விடச் சொல்லி ஊர்க்காரர்களிடம் பேசிப் பாருங்கள். நோட்டீஸ், நுழைவுக் கட்டணம், லைட், முதலுதவி, நடுவர், பரிசு, மறுநாள் காலையில் மைதானத்தைப் பெருக்குவது வரை. முடிந்ததும் வரவு செலவை ஒரு நோட்டில் எழுதி, எங்கே தவறியது என்று தன் கைப்பட இரண்டு பக்கம் எனக்கு எழுதட்டும். அடுத்த பதிலை நான் அவனுக்கே எழுதுகிறேன்.